ஆறு சோழி வந்தால் எட்டு சோழி பதில்

வாசகர் கேள்வி – பதில்

பல்லாங்குழிச் சோழி பற்றிச் சென்ற இதழில் ஒருவர் கேட்டிருந்தார். அதற்குப் பதில் சொல்லும்போது, மேற்கு ஆப்பிரிக்காவின் யோருபா மக்கள் சோழியையே கடிதமாக அனுப்பிக்கொண்டார்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சேலம், ஓமலூர், ஏற்காடு என்று நாலா பக்கமிருந்தும் கேள்விகள். இந்த இதழ் முழுக்க அதற்கே.

சோழியைக் கடிதமாக அனுப்புவது என்றால் என்ன? அதன்மேல் ஏதாவது எழுதி அனுப்புவார்களா?
– கல்லூரி மாணவி, அழகாபுரம்

எதுவும் எழுதுவதில்லை. பொருளேதான் செய்தி. நைஜீரியாவின் தென்மேற்குப் பகுதியிலும் அதையொட்டிய பெனின் நாட்டிலும் வாழ்பவர்கள் யோருபாக்கள். சோழி, இறகு, விதை, கல், கரி, கந்தல் துணி, பல்குச்சி என்று கைக்குக் கிடைப்பதை நூலில் கோத்தோ பொட்டலமாகக் கட்டியோ ஓர் ஆளிடம் கொடுத்தனுப்புவார்கள். இதற்கு அரொகோ என்று பெயர். பொட்டலத்தைச் சுமந்து போகிறவருக்கு உள்ளே இருக்கும் சேதி தெரிய வேண்டிய அவசியமே இல்லை. வழியில் யாராவது மடக்கிக் கேட்டாலும் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்காது.

சில பொருள்கள் தம் குணத்தாலேயே பேசும். பல்குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வேப்பங்குச்சி மாதிரிதான். அதை ஒருவருக்கு அனுப்பினால், "காலையில் கண் விழித்ததும் முதலில் பல்லைத்தான் நினைக்கிறேன், அதுபோல உன்னையும் நினைக்கிறேன்" என்று அர்த்தம். சோழியோடு ஓர் இறகைக் கட்டி அனுப்பினால் அவசரம், பறவை மாதிரி பறந்து வா. வேறு சில பொருள்கள் பெயரின் ஓசையால் பேசும். இன்னும் சில, எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்பதால் பேசும். பின்னால் வரும் கேள்விகளில் இவை இரண்டையும் பார்க்கலாம்.

கணினியில் தேடப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. யோருபாவில் பள்ளிக்கூடத்துக் கட்டுரைக்கும் ஏறக்குறைய இதே பெயர்தான். பொருளால் பேசும் அரொகோவின் கடைசி 'ஓ' உதட்டைக் குவித்துச் சொல்வது. கட்டுரையைக் குறிக்கும் சொல்லின் கடைசி ஒலி, நாம் 'ஹால்' என்று சொல்லும்போது வருவதுபோல வாயைத் திறந்து சொல்வது. அதை எழுதும்போது எழுத்துக்கு அடியில் ஒரு புள்ளி வைப்பார்கள். புள்ளியை விட்டுவிட்டுத் தேடினால் நைஜீரியப் பள்ளி மாணவர்களுக்கான கட்டுரைப் பயிற்சிகளாக வந்து கொட்டும்.

ஆறு சோழிக்குக் 'காதல்' என்று பொருள் என எங்கோ படித்தேன். ஆறுக்கும் காதலுக்கும் என்ன சம்பந்தம்? இது சிலேடையா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செவ்வாய்ப்பேட்டை

ஐயா, அசல் சிலேடையேதான். யோருபாவில் ஆறு என்ற எண்ணுக்கு 'எஃபா' என்று பெயர். 'ஃபா' என்ற வினைக்கு இழு என்று பொருள். ஆகவே ஆறு சோழியைக் கோத்து அனுப்பினால், "என் மனம் உன் பக்கம் இழுக்கிறது" என்றாகிறது. வாங்கியவருக்குச் சம்மதமானால் எட்டு சோழி திரும்பி வரும். எட்டு 'எஜொ', 'ஜொ' என்றால் ஒத்திரு. "உனக்கு எப்படியோ அப்படியேதான் எனக்கும்." லாகோஸுக்கு அருகிலுள்ள இஜேபு நாட்டில் இந்த வழக்கம் இருந்தது. அங்கிருந்து கிடைத்த சோழிச் சரங்களை 1880களில் லண்டன் மானிடவியல் சங்கத்தில் காட்சிக்கு வைத்து, ஒவ்வொன்றின் பொருளையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதில் பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. ஆறு என்ற எண்ணுக்குள் காதல் ஒளிந்திருக்கவில்லை. யோருபா மொழியில் அந்த எண்ணின் பெயருக்குள் 'இழு' இருக்கிறது, அவ்வளவுதான். அதே ஆறு சோழியைச் சேலத்தில் ஒருவருக்கு அனுப்பிப் பாருங்கள். கோபமாக இருக்கும் தங்கைக்கு அனுப்பினால், "மனசு ஆறு" என்று எடுத்துக்கொள்ளலாம். அம்மாப்பேட்டைக்காரர் ஒருவருக்கு அனுப்பினால், "எந்த ஆறு? திருமணிமுத்தாறா? அங்கே வரச் சொல்றாங்களா?" என்பார். எட்டு சோழியின் பாடு இன்னும் மோசம். "எட்டிப் பிடி" என்றும் கொள்ளலாம், "எட்ட நில்" என்றும் கொள்ளலாம். ஒன்று வரச் சொல்கிறது, மற்றது போகச் சொல்கிறது.

இந்தக் குழப்பம் யோருபாவிலும் வரக்கூடியதுதான். அது மூன்று தொனிகள் உள்ள மொழி. மேலே, நடுவே, கீழே என்று குரல் மாறினால் சொல்லே மாறிவிடும். சோழிக்குத் தொனி ஏது? அதனால்தான் அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் இடையே மொழி மட்டும் போதாது, வழக்கமும் உறவும் பொதுவாக இருந்தாக வேண்டும். இன்னார் அனுப்பினார், இந்த நேரத்தில் அனுப்பினார் என்பது செய்தியில் பாதி. "ஆறு சோழி – காதல், இறகு – அவசரம்" என்று இரண்டு பத்தி அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தால் அரொகோ படிக்க வந்துவிடாது. வலையில் சுற்றும் அட்டவணைகளின் குறையும் இதுதான்.

நம் வெட்சி, கரந்தை, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகையும் பொருளால் பேசியவைதானே என்று இன்னொரு ஆசிரியர் கேட்டிருக்கிறார். ஆமாம். வெட்சி சூடினால் ஆநிரை கவரப் போகிறான், வாகை சூடினால் வென்றுவிட்டான். ஆனால் பூ சூடியவனின் தலையிலேயே இருந்து ஊருக்கெல்லாம் அறிவிக்கிறது. அரொகோ ஒருவரிடமிருந்து கிளம்பி இன்னொருவர் கையில் போய்ச் சேருகிறது. ஒன்று அறிவிப்பு, மற்றது கடிதம்.

எங்கள் பள்ளியின் சமூக அறிவியல் கண்காட்சிக்கு ஒரு அரொகோ மாதிரி செய்ய வேண்டும். எதைச் செய்வது? என்னென்ன வேண்டும்?
– பட்டதாரி ஆசிரியை, ஓமலூர் வட்டம்

இட்டுக்கட்டிய செய்தி வேண்டாம். பதிவாகியிருக்கும் ஒரு கடிதத்தையே செய்யுங்கள். நைஜீரியக் கடற்கரை ஊரான படக்ரியில் பணியாற்றிய சார்ல்ஸ் ஆண்ட்ரூ கோல்மர் என்ற கிறிஸ்தவ ஊழியர் 1885இல் வெளியிட்ட கட்டுரையில் அது இருக்கிறது. இன்றைய பெனின் நாட்டுப் பகுதியை ஆண்ட தஹோமி அரசனிடம் சிறைப்பட்ட ஒருவர் தலைநகர் அபோமேயிலிருந்து படக்ரியில் இருந்த தம் மனைவிக்கு அனுப்பியது. ஐந்தே பொருள்: கல், கரி, மிளகாய், வறுத்த சோளம், கந்தல்.

கல் கெட்டியாக இருக்கிறதே, அப்படி என் உடம்பு திடமாக இருக்கிறது. கரி கறுப்பு, அப்படி என் எதிர்காலம் இருண்டு கிடக்கிறது. மிளகாய் காரம், அதை நினைத்து என் மனம் எரிகிறது. சோளம் வறுபட்டு வற்றியதுபோல நான் வற்றிப்போனேன். கந்தலைப் பார், என் உடுதுணி இப்படித்தான் இருக்கிறது. வரிசையைக் கவனியுங்கள். முதலில் உயிரோடு நலமாக இருக்கிறேன் என்கிறார், அப்புறம்தான் துன்பத்தைச் சொல்கிறார். நம் ஊர்க் கடிதங்களில் "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்குவோமே, அந்த இடத்தில் ஒரு கல். பிள்ளைகள் வரிசையை மாற்றிக் கட்டினால் இந்த அழகு போய்விடும்.

இனி செய்முறை. முறுக்கிய பருத்தி நூல் ஒன்றரை அடி. நைலான் வேண்டாம், வழுக்கி முடிச்சு அவிழும். பொருளுக்குப் பொருள் மூன்று விரல் இடைவெளி விடுங்கள்.

கல் நெல்லிக்காய் அளவு, ஆற்றுக் கூழாங்கல் அல்லது சாம்பல் நிறச் சல்லி. பக்கத்தில் கிடைக்கிறதே என்று சேலத்து வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டை, எடுத்துவிடாதீர்கள். அதன் பொடி மற்றவற்றின்மேல் ஒட்டும். அதைவிட முக்கியம், யோருபாவில் வெள்ளை நிறத்துக்குத் தனிப் பொருள் உண்டு. அது ஒபாதாலா என்ற தெய்வத்துக்கும் தூய்மைக்கும் உரிய நிறம். வெள்ளைக்கல் கட்டினால், கடிதம் எழுதியவர் சொல்லாத ஒன்றை நீங்கள் சேர்த்துவிட்டதாகும். வழுவழுப்பான கல்லில் ஒற்றைக் கட்டு நிற்காது. பொட்டலம் கட்டுவதுபோல நூலைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சுற்று போட்டு, மேலே முடியுங்கள்.

கரி வேலமரக் கரியாக இருந்தால் கெட்டி. மென்மரக் கரி, கட்டும்போதே நொறுங்கி நூலை மட்டும் மிச்சம் வைக்கும். கட்டிய பிறகு பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தூரிகையால் ஒரு பூச்சு பூசிவிடுங்கள், கைபட்டாலும் கறுப்பு ஒட்டாது.

காய்ந்த மிளகாயைக் காம்போடு எடுத்துக் காம்பில் கட்டுங்கள். நடுவில் கட்டினால் ஓடு உடைந்து விதை கொட்டும். மழைக்காலக் கண்காட்சியானால் முதல் நாள் வெயிலில் போட்டு எடுங்கள், நமுத்த மிளகாய் ஒரு வாரத்தில் பூசணம் பிடிக்கும்.

சோளம் என்றால் மக்காச்சோளம். ஆத்தூர், தலைவாசல் பக்கம் விளையும் தீவனச் சோளமே சரி. பொரிக்கிற ரகத்தை வாங்கினால் சட்டியில் பொரிந்து வெள்ளையாக மலர்ந்துவிடும். வற்றி மெலிந்தேன் என்று சொல்ல வேண்டியது, உப்பிக் கொழுத்தேன் என்று சொல்லும்! பத்துப் பன்னிரண்டு மணியைச் சிறு தீயில், எண்ணெயில்லாமல், கறுப்புப் புள்ளி விழும்வரை வறுங்கள். வறுத்த மணியில் துளை போட்டால் பிளக்கும். மெல்லிய வலைத்துணியில் முடிந்து தொங்கவிடுங்கள்.

கந்தலுக்குப் பழைய வேட்டி ஒரு சாண். கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், கையால் கிழியுங்கள். பிசிர் நிற்கும் ஓரம்தான் செய்தி.

விளக்க அட்டையைப் பொருளுக்குக் கீழேயே ஒட்டாமல், பார்வையாளர்கள் ஒரு நிமிடம் யோசித்த பிறகு திருப்பிப் பார்க்கும்படி மறுபக்கம் எழுதிவையுங்கள்.

சோழிகளை "முகத்துக்கு முகம்" கோக்க வேண்டும் என்கிறார்கள். சோழிக்கு எது முகம்? கோத்தால் சுற்றிச் சுற்றித் திரும்பிக்கொள்கிறதே?
– கைவினைப் பொருள் கடைக்காரர், ஏற்காடு

பல்வரிசை போன்ற பிளவு இருக்கிறதே, தாயம் விளையாடும்போது நாம் வாய் என்கிறோமே, அதுதான் முகம். உப்பிய பக்கம் முதுகு. இரண்டு சோழி முகம் பார்த்திருந்தால் உறவு, சந்திக்க வேண்டும் என்ற விருப்பம். முதுகோடு முதுகு ஒட்டியிருந்தால் பிரிவு, பகை. ஒற்றைச் சோழி அனுப்பினால் அது எதிர்ப்பு. ஆக, சரம் சுற்றித் திரும்பினால் உங்கள் அழைப்பு சண்டைக்கு இழுப்பதாக மாறிவிடும். சாதாரணத் தவறு இல்லை அது.

முதுகின் மேட்டைச் சொரசொரப்பான கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் கொஞ்ச நேரத்தில் ஓட்டை விழும். உலர்வாகத் தேய்க்க வேண்டாம், ஓட்டுத்தூள் மூக்கில் ஏறும். சுத்தியலால் தட்டினால் விளிம்பு கூராக நின்று, இரண்டு வாரத்தில் நூலை அறுத்துவிடும். பிறகு நூலை முதல் சோழியின் முதுகு ஓட்டையில் விட்டு வாய் வழியே எடுங்கள். அப்படியே இரண்டாவதின் வாய்க்குள் விட்டு முதுகு வழியே வெளியே எடுங்கள். இப்போது இரண்டு வாயும் ஒன்றையொன்று பார்க்கும். இரு பக்கமும், முதுகை ஒட்டினாற்போல, ஓட்டையைவிடப் பெரிய முடிச்சு. முடிச்சுக்கும் சோழிக்கும் நடுவே அரிசி நுழையும் இடம்கூட இருக்கக் கூடாது. உங்கள் சோழி சுற்றுவது இந்த இடைவெளியால்தான். எட்டு சோழி என்றால் இப்படி நான்கு ஜோடி.

கடையில் கேட்கும்போது சின்னதாக, மஞ்சள் கலந்த வெள்ளையில், ஓரத்தில் புடைப்புகளோடு இருப்பதை வாங்குங்கள். பணச்சோழி அதுதான். முதுகில் ஆரஞ்சு வளையம் இருப்பது வேறு இனம்.

மலைப்பாதையில் வண்டி நின்றுபோனால் தழை ஒடித்துப் பின்னால் போடுகிறோம். இதுவும் அரொகோதானே?
– சரக்கு வேன் ஓட்டுநர், ஏற்காடு அடிவாரம்

நல்ல கேள்வி. பதில் மட்டும் 'இல்லை'. நீங்கள் போடும் தழை இன்னாருக்கு என்று இல்லை, அந்த வழியாக வருகிற எல்லாருக்கும். யோருபாவில் இதற்கு நெருக்கமான வேறொன்று உண்டு, ஆலே என்பார்கள். தோட்டத்து ஓரத்தில் அடுக்கிய விறகின்மேல் தேய்ந்த செருப்பு, துடைப்பக் குச்சி, மணி உதிர்ந்த சோளக்கட்டை, நத்தை ஓடு, சிவப்புத் துணி என்று ஏதாவது கட்டித் தொங்கும். ஆளில்லாத பொருளைத் தொடாதே, தொட்டால் நீயும் இந்தச் செருப்பு மாதிரி ஒன்றுக்கும் உதவாமல் போவாய் என்று திருடனுக்குச் சொல்கிறது. அம்மை கண்ட வீட்டு வாசலில் நாம் செருகும் வேப்பிலையும் இந்த இனம்தான். வாசலோடு நின்றுகொள் என்று வருகிறவருக்குச் சொல்கிறது. குருத்தோலைக்கும் அங்கே இப்படிப் பல வேலைகள். தோப்பு வாசலில் கட்டினால் அது சாமிக்கு உரிய இடம், வண்டியின் முன்னால் கட்டினால் உள்ளே சவம் போகிறது.

தழை ஏன் வேலை செய்கிறது? தார் ரோட்டின் நடுவில் பச்சைத் தழைக்கு வேலையில்லை. இருக்கக் கூடாத இடத்தில் இருப்பதால்தான் கண்ணில் படுகிறது. ஆகவே வாடினால் அது சருகு, யாரும் கவனிக்க மாட்டார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் பலரும் செய்யும் தப்பு, வண்டிக்குப் பின்னாலேயே போடுவது. வளைவைத் தாண்டி நின்ற வண்டிக்குத் தழை வளைவுக்கு முன்னால் கிடக்க வேண்டும், திரும்பிய பிறகு பார்த்துப் பயனில்லை. ஐம்பது அடிக்கு ஒன்றாக மூன்று இடத்தில் போடுங்கள். பனி இறங்கினாலோ இருட்டினாலோ தழையை நம்ப வேண்டாம், ஒளிரும் முக்கோணம்தான். கிளம்பும்போது சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லை எடுத்து ஓரம் போடுங்கள். 'வண்டி நிற்கிறது' என்ற செய்தி வண்டி போன பிறகும் ரோட்டில் கிடந்தால், இருசக்கர வண்டிக்காரர் விலா எலும்பில் போய்ச் சேரும்.

ஆப்பிரிக்காவுக்குச் சோழி எங்கிருந்து போனது? அங்கேயும் பல்லாங்குழி உண்டா?
– வாசகர், சூரமங்கலம்

நமக்குத் தெற்கே, மாலத்தீவிலிருந்து. ஐரோப்பியக் கப்பல்கள் அடிப்பாரமாக ஏற்றிக்கொண்டு போய், பிறகு மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் இறக்கின. அடிமை வாணிபத்தில் மனிதர்களுக்கு விலையாகவும் இதே சோழியைத்தான் கொடுத்தார்கள். ஆரஞ்சு வளையம் போட்ட இனம், 19ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக வந்து குவிந்தது. சோழியின் மதிப்பு சரிந்தது.

யோருபாக் கணக்கில் 40 சோழி ஒரு சரம், 50 சரம் ஒரு தலை, அதாவது 2,000. பத்துத் தலை ஒரு மூட்டை, 20,000. அபெயோகுட்டாவில் 1859இல் தொடங்கிய 'இவே இரோஹின்' என்ற யோருபாச் செய்தித்தாளின் விலை 120 சோழி, மூன்று சரம். செய்தியாகவே போய்க்கொண்டிருந்த சோழியைக் கொடுத்து அச்சடித்த செய்தியை வாங்கியிருக்கிறார்கள்.

பல்லாங்குழி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவர்களுடைய அயோ ஆட்டத்தில் 12 குழி, குழிக்கு நாலாக 48 விதை. விதை வேறெதுவும் இல்லை, நம் வேலிகளில் முள்ளோடு படரும் கழற்சிக்காய். அந்த விதையும் அரொகோவில் இடம்பெறும். விளையாட்டின் பெயரும் மகிழ்ச்சிக்கான சொல்லும் ஓசையில் நெருங்கியவை.

முட்டையை அனுப்பி ராஜாவைக் கொன்றார்கள் என்பது உண்மையா?
– பத்தாம் வகுப்பு மாணவன், அஸ்தம்பட்டி

முட்டை கொல்லவில்லை தம்பி, முட்டை சொன்ன சேதி கொன்றது. யோருபாக்களின் ஒயோ பேரரசில் மன்னருக்கு அலாஃபின் என்று பட்டம். அவர் எல்லை மீறினால், ஒயோ மெசி என்ற மூத்தோர் அவையின் தலைவரான பஷோரன், ஒரு காலிச் சுரைக்குடுக்கையையோ கிளி முட்டைகளையோ அவர் முன் வைக்கச் செய்வார். "தெய்வங்கள் உன்னை விலக்கின, மக்கள் உன்னை விலக்கினார்கள், பூமி உன்னை விலக்கியது" என்று பொருள். அதன்பின் மன்னர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்ள வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் காஹா என்ற பஷோரன் இந்த அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்தடுத்து மன்னர்களை ஒழித்தார். கடைசியில் 1774இல் அலாஃபின் அபியோதுன் அவரை வீழ்த்தினார். குடுக்கை ஒரு தடை, அதைப் பிடித்திருக்கும் கைக்கும் ஒரு தடை வேண்டியிருந்தது.

அதே அரசவையில் இலாரி என்ற தூதர்கள் இருந்தார்கள். தலையில் பாதியை மழித்திருப்பார்கள், பார்த்ததும் அரண்மனை ஆள் என்று தெரியும். அவர்களுக்குச் சூட்டும் பெயரே ஒரு வாக்கியம். 'மதாரிகான்', 'அவரை எதிர்க்காதே'. அந்தப் பெயருடையவரை அனுப்பினால் வேறு பேச்சு எதற்கு?

வாசலில் எலுமிச்சை, சோழி கிடந்தது. இதுவும் அந்த வகையா?
– பெயர் வெளியிட வேண்டாம், கொண்டலாம்பட்டி

இல்லை அம்மா. அரொகோ அனுப்புகிறவர் தம்மை மறைப்பதில்லை, பதிலை எதிர்பார்ப்பவர். யார் வைத்தது என்று தெரியாத எலுமிச்சையைக் கூட்டித் தள்ளிவிட்டுக் கோலம் போடுங்கள்.

பேசும் பறை என்று ஒன்று அவர்களிடம் உண்டாமே? அதற்கும் இதற்கும் தொடர்பு?
– உடுக்கைக் கலைஞர், தாரமங்கலம்

உங்களுக்கு ஒரு நிமிடத்தில் புரியும். துந்துன் என்ற அந்தக் கருவி இடை சிறுத்த உங்கள் உடுக்கை வடிவம்தான், உடல் மட்டும் பெரிது. இரு தோலையும் இணைக்கும் வாரை அழுத்தினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். உடுக்கையின் நடுக்கயிற்றை இறுக்கி நீங்கள் வரவழைக்கும் அதே விம்மல். அவர்கள் தோளில் மாட்டி, ஒரு கையால் வாரை அழுத்தி, மறு கையில் வளைந்த கோலால் அடிக்கிறார்கள். குழுவின் தலைமைக் கருவிக்கு இயாலு என்று பெயர், தாய்ப்பறை. யோருபாவின் மூன்று தொனிகளை அதில் அப்படியே வாசிக்கலாம். உடுக்கை பாட்டுக்கு உணர்ச்சி ஏற்றுகிறது, சொல்லைச் சொல்வதில்லை. தமிழில் தொனி மாறினால் சொல் மாறாது என்பதால் அது முடியாது.

தொடர்பு இதுதான்: பறையில் தொனி இருக்கிறது, எழுத்தொலி இல்லை. சோழியில் சொல்லின் ஓசை இருக்கிறது, தொனி இல்லை. விடுபட்டதைக் கேட்பவர் தம் மொழியிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்கிறார்.

எங்கள் மகள் திருமண வரவேற்பு ஏற்காட்டில். விருந்தினருக்குத் தாம்பூலப் பையில் அரொகோ வைத்துக் கொடுக்க ஆசை. எப்படிச் செய்யலாம்?
– பெற்றோர், ஃபேர்லேண்ட்ஸ்

யோருபா விசேஷங்களில் நம் வெற்றிலைபாக்கின் இடத்தில் இருப்பது ஒபி என்ற கோலாக் கொட்டையும், ஒரொக்போ என்ற கசப்புக் கொட்டையும். அங்கேயும் சிலேடைதான். ஒபி தீமையைத் தள்ளும், ஒரொக்போ முதுமைவரை வாழவைக்கும் என்று பெயரிலிருந்தே வாழ்த்து எடுப்பார்கள். குழந்தைக்கு எட்டாம் நாள் பெயர் சூட்டும்போது இவற்றோடு தேனும் உப்பும் வைப்பார்கள். இந்தக் கொட்டைகளுக்குப் பதிலாகக் கொட்டைப்பாக்கை வைத்து அதன் பெயரைச் சூட்ட வேண்டாம். பாக்கு பாக்காகவே இருக்கட்டும், அதற்கு நம்மிடம் சொந்த அர்த்தம் இருக்கிறது.

ஆறு சோழி வேண்டாம், அது ஒருவர் ஒருவருக்கு அனுப்பும் மனச்செய்தி, முந்நூறு பேருக்குக் கொடுப்பதல்ல. எட்டு சரியாக வரும்: நாமெல்லாம் ஒத்தவர்கள். நான்கு ஜோடி, முகத்துக்கு முகம், மேலே சொன்ன முடிச்சு. ஒரு சின்ன அட்டையில், "யோருபாவில் எட்டு 'எஜொ', 'ஜொ' என்றால் ஒத்திரு" என்று ஒரே வரி அச்சடித்து வையுங்கள். அட்டை இல்லையென்றால் சம்பந்தி வீட்டார் தாயக்கட்டைக்கு என்று எடுத்து வைத்துக்கொள்வார்கள். தங்க நிறச் சாயம் பூசாதீர்கள், பூசினால் வாய் அடைபட்டு எது முகம், எது முதுகு என்று தெரியாமல் போகும். ஈரத்தோடு பையில் போடாதீர்கள், ஏற்காட்டுக் குளிரில் நூல் காயாது, பூசணம் வாடை வெற்றிலைக்கும் ஏறும்.

நூறு குடும்பத்துக்கு ஒரு சரம் வீதம் என்றால் 800 சோழி. தேய்க்கும்போது உடைவதற்கு 40 சேர்த்து வாங்குங்கள். யோருபாக் கணக்கில் சரியாக 21 சரம்.